ஈசலைக் கண்டு பயந்த பயில்வான்

ஒரு ஊர்ல ஒரு பயில்வான் இருந்தான். காலை நீட்டிப் படு தங்கம், அப்பத்தான் சொல்லுவேன். ம் கொட்டிக்கிட்டே வரணும், நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

பயில்வான் பேரு மலைக்கொழுந்து. தோளு ரெண்டும் மாட்டுவண்டி நுகத்தடி மாதிரி இருக்கும். நடந்தா தொம் தொம்னு தரை அதிரும். அவன்கூடக் குஸ்தி போட அக்கம்பக்கத்துல ஆளே கிடையாது. அப்போ செம்புத்துப்பட்டின்னு தூரத்து ஊர்ல இருந்து சேதி வந்துச்சு. அந்த ஊருப் பயில்வான் சங்கிலி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எங்கூட மோத முடியுமான்னு கேட்டு விட்டிருந்தான். சரின்னுட்டான் இவன்.

வெள்ளிக்கிழமை விடியுறதுக்கு முன்னாடியே கட்டுச்சோத்தைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான். அது ஐப்பசி மாசம். மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. வழியில ஒரு ஓடை, தண்ணி சலசலன்னு இடுப்பளவு ஓடுது. நடு ஓடையில காலு வழுக்குச்சு பாரு, சளக்! அவன் எந்திரிச்சுட்டான், கட்டுச்சோறு மிதந்து போயிருச்சு.

ம்? கேக்குறியா? சரி.

அப்புறம் ஈரத் துணியோட, காலி வயித்தோட ஊருக்குள்ள வந்தான். முதல் வீடு மருத்துவச்சி காத்தாயி வீடு. பாவம், பசியோட வந்திருக்கான்னு கூப்பிட்டு உக்கார வச்சு, ஒரு முறத்தைக் கொண்டாந்து முன்னாடி வச்சா.

அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? பழுப்பா, குண்டுகுண்டா, குட்டிக் குட்டிக் காலோட வறுத்த பூச்சி. முற்றத்துல ஒரு குண்டானுக்குள்ள வறுக்காதது வேற நெளுநெளுன்னு நெளியுது, கண்ணாடி மாதிரி ரெக்கையோட. அதுல ஒண்ணு தப்பிச்சு வந்து இவன் பெருவிரல்ல ஏறுச்சு. இவனுக்கு உச்சி முடியெல்லாம் குத்திட்டு நின்னுருச்சு.

என்னம்மா இதுன்னு கேட்டான்.

"ஈசல்யா. மழை பேஞ்சதும் புத்துக்குள்ள இருந்து பறந்து வருமே. வருசத்துல ரெண்டு மூணு நாளுதான் கிடைக்கும். இன்னிக்கு ஊர்ல எல்லார் வீட்டுலயும் இதுதான். சாப்பிடு."

அம்மாம்பெரிய பயில்வான், பூச்சிக்குப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்லுவான்? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, வயித்து வலிம்மா, எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு பொய்யைச் சொன்னான். சொன்னது யாருகிட்ட? மருத்துவச்சிகிட்ட. அவ விடுவாளா? நிலவேம்பை நசுக்கிப் போட்டு ஒரு செம்பு கஷாயம் காய்ச்சி, மூக்கைப் பிடிச்சு மடக் மடக்குனு குடிக்க வச்சுட்டா. கசப்பு காது மடல் வரைக்கும் ஏறிப்போச்சு. பசி முன்னைவிட ரெண்டு மடங்கு ஆயிருச்சு.

அப்புறம் கோயில் பூசாரி கூப்பிட்டாரு. அங்கேயும் பொரியும் ஈசலும் கலந்து ஒரு தட்டு வந்துச்சு. இவன் உடனே, சாமி, நான் இன்னிக்கு விரதம்னான். பூசாரிக்குச் சந்தோசம்னா சந்தோசம். இப்படி ஒரு பக்திமானா, அப்போ நம்ம கோயிலை நூத்தியெட்டுச் சுத்து சுத்திட்டுத்தான் போகணும்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாரு. இவன் தொம் தொம்னு சுத்த ஆரம்பிச்சான். போகப் போக அது தொப் தொப்னு ஆச்சு. கடைசியில சரக் சரக்குனு காலை இழுத்துக்கிட்டு வந்து வேப்பமரத்தடியில விழுந்துட்டான்.

சிரிக்காதே, அவனுக்குக் கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது.

அப்போ ஒருத்தன் வந்து எழுப்பினான். குட்டையா, கட்டுமஸ்தா இருந்தான். வீட்டுக்குக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய், பெஞ்சாதி பூவாயியை இலை போடச் சொன்னான். அப்புறந்தான் தெரியுது, அவன்தான் சங்கிலி. சாயங்காலம் இவன்கூட மோதப் போறவன்.

பூவாயி இலையில வச்சது என்ன? அதேதான். ஈசல்.

இவன் மூணாவதா ஒரு பொய்யை, பல்லு வலின்னு, நாக்கு நுனியில வச்சிருந்தான். அதுக்குள்ள சங்கிலி சொன்னான்:

"அண்ணே, பசிச்ச ஆளோட நான் மோத மாட்டேன். நீங்க சாப்பிட்டாத்தான் இன்னிக்குக் குஸ்தி."

அதைக் கேட்டதும் இவனுக்கு இப்படிப்பட்ட மனுசன்கிட்டப் பொய் சொல்ல வரலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவா, "தம்பி, எனக்கு இதைப் பாத்தாப் பயமா இருக்கு"ன்னான்.

பூவாயி வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே ஓடிட்டா. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வருது. சங்கிலி சிரிக்கலை. பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தான்.

"எது பயம், உடம்பா, காலா?"

"காலு."

ஒரு பிடி ஈசலை உள்ளங்கையில வச்சுக் கசக்கி, ஃபூன்னு ஊதினான். காலெல்லாம் பறந்துபோச்சு.

"இப்போ?"

"இன்னும் என்னையே பாக்குது."

"அப்ப நீங்க அதைப் பாக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறங்க."

மலைக்கொழுந்து கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, உன்னை மாதிரியே ஆ-ன்னான். சங்கிலி ஒண்ணே ஒண்ணை நாக்குல வச்சான். மொறுக். அவ்வளவுதான் சத்தம். வறுத்த வேர்க்கடலையில நெய்யை விட்ட மாதிரி இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டே இன்னொண்ணுன்னான். மொறுக். இன்னும் ரெண்டுன்னான். மொறுக் மொறுக். அப்புறம் மெதுவா ஒரு கண்ணைத் திறந்தான், அப்புறம் மத்த கண்ணு. அப்புறம் கையாலேயே அள்ள ஆரம்பிச்சுட்டான். பூவாயி வறுத்து வறுத்துக் கொட்டுறா, இலை காலியாகிக்கிட்டே இருக்கு.

ம் எங்கே? ஆ, முழிச்சுத்தான் இருக்கே.

சாயங்காலம் ஊரே கூடிருச்சு. தம்பட்டம் டண்டணக்க டண்டணக்கன்னு முழங்குது. ரெண்டு பேரும் ஈர மண்ணுல இறங்கிக் கட்டிப் புடிச்சாங்க. இவன் தள்ளுறான், அவன் நகரலை. அவன் இழுக்குறான், இவன் அசையலை. தொபீர்னு ரெண்டு பேரும் சேந்தே கீழே விழுந்தாங்க. யாரு மேலே, யாரு கீழேன்னு எல்லாரும் எட்டிப் பாக்குற நேரம், அவங்க தலைமாட்டுலயே மண்ணு பொலபொலன்னு பிளந்துச்சு. ஒரு ஈசல் வந்துச்சு. அப்புறம் பத்து. அப்புறம் கிர்ருன்னு ஆயிரம் ஆயிரமா வானத்துக்கு ஏறுது, அந்தி வெயில்ல ரெக்கையெல்லாம் தகதகன்னு மின்னுது.

அவ்வளவுதான், ஆளாளுக்கு முறம் எடுக்க, குண்டான் எடுக்க வீட்டுக்கு ஓடிட்டாங்க. தம்பட்டக்காரரு தம்பட்டத்தையே கவுத்துப் பிடிச்சுட்டாரு. பூசாரி மேல் துண்டை விரிச்சாரு. எல்லாருக்கும் முன்னாடி, சங்கிலி தோள்ல ஏறிக்கிட்டு, ரெண்டு கையாலயும் அள்ளிக்கிட்டு நின்னது யாரு தெரியுமா? நம்ம மலைக்கொழுந்துதான்.

குஸ்தியில யாரு செயிச்சதுன்னு அந்த ஊர்ல யாருக்குமே தெரியாது. யாரும் பாக்கலையே.

ஈசல் எல்லாம் பறந்தாச்சு, ரெக்கை எல்லாம் உதுந்தாச்சு, என் கதையும் தீந்தாச்சு. நீயும் மலைக்கொழுந்து மாதிரி கண்ணை இறுக்க மூடு. வாயை மட்டும் திறக்காதே. தூங்கு.