பேனர் சாட்சி

ஷார்ஜாவில் கிரேன் ஓட்டும் சேவுகனை வருமான வரி அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"வருஷத்துல பாதிக்கு மேல ஊர்லதான் இருந்திருக்கே. ஷார்ஜா சம்பளத்துக்கும் இங்க வரி கட்டணும்."

கட்டினால், பாதி எழும்பிய வீடு அப்படியே நிற்கும்.

"லீவுக்கு ஒரு மாசம்தான் வந்தேன் சார். பாஸ்போர்ட்டைப் பாருங்க."

"அது கிடக்கட்டும்!" அதிகாரி செல்போனை நீட்டினார். "காதுகுத்து, கல்யாணம்னு மாசாமாசம் உங்க ஊர் பேனர்ல கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?"

"நான்தான் சார். பக்கத்துல சிரிக்கிறது எங்க சித்தப்பா. அவரும் ஒரு பேனர் விடலை. அவருக்கும் நோட்டீஸ் அனுப்பிருங்க."

"முகவரி சொல்லு!"

"தெரியலையே சார். அவர் செத்து நாலு வருஷமாச்சு."

குமாஸ்தாக்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். முத்திரைகளைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.

படியிறங்கியதும் சேவுகன் கொத்தனாருக்குப் போன் போட்டான். "அண்ணே, நாளைக்கே வந்துருங்க. கூரையைப் போட்டுரலாம்."