பாவை எழுதிய சதுப்புவழி

முன்னொரு காலத்தில், மூடுபனி விலகாத நெய்தலூரை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். கோபம் வந்தால் முதலில் தண்டனை, பிறகுதான் விசாரணை.

அவன் அரண்மனையில் ஓர் ஏட்டுச்சாலை. யார் எதைக் கேட்டாலும் ஏற்ற ஓலையைத் தேடி நீட்டுவார்கள். அங்கே கடல்கடந்து வந்த மரப்பாவை ஒன்றும் இருந்தது. காதில் கேள்வியைச் சொன்னால் போதும். இமைக்காமல், மூச்சுவிடாமல் அழகாக எழுதித் தள்ளும்.

சதுப்பைக் கடக்க வழி கேட்ட உப்பு வணிகர்களுக்கு ஆஸ்தானப் புலவர் விடங்கர் பெயரிட்ட ஓலை கிடைத்தது. போனவர்கள் திரும்பவில்லை. பனிக்குள்ளிருந்து அவர்களுடைய மாட்டுமணி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ராஜா கொதித்தான். விடங்கர் முந்திக்கொண்டார்.

"மன்னா, என் ஓலை நானே எழுதியது. மந்திரி நக்கண்ணரும் சதுப்புவழி ஓலை வைத்திருக்கிறார். அதை எழுதியது பாவை! வணிகர்கள் அதையும் பார்த்துத்தான் வழி தவறினார்கள்."

"உண்மையா, மந்திரி?"

"பாவை எழுதியது உண்மைதான், அரசே. தப்பும் இருந்தது. நடந்து பார்த்துத் திருத்தினேன்."

"பாவை தொட்ட ஓலையெல்லாம் எரியட்டும்! இவர் கையை வெட்டுங்கள்!"

"வெட்டுங்கள். அதற்குமுன் நானும் புலவரும் அவரவர் ஓலைப்படி நடந்து காட்டுகிறோமே."

விடங்கரின் முகம் வெளுத்தது.

விடிந்ததும் சதுப்புக்குப் போனார்கள். பாவையையும் தூக்கி வந்தார்கள். நக்கண்ணர் பனிக்குள் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து அவர் குரல் வந்தது. அதே வழியில் திரும்பியும் வந்தார்.

விடங்கர் காலை வைத்தார். முழங்கால்வரை இறங்கியது. காலுக்கடியில், சேற்றுக்குள், மணி ஒலித்தது.

"ஐயோ, தூக்குங்கள்! நான் இங்கே வந்ததே இல்லை! பாவை எழுதியதைப் படிக்காமலே பெயர் போட்டேன்!"

கயிறு வீசி இழுத்தார்கள். ராஜா தலைகுனிந்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தான்.

"எந்தக் கை எழுதியது என்பதற்காக இனி யாருக்கும் தண்டனை இல்லை. சரிபார்த்த ஓலை முன்னால் வரட்டும். சரிபார்க்காத ஓலை, யார் பெயரில் இருந்தாலும் அடுக்கின் அடியில் கிடக்கட்டும். விடங்கரே, உம்முடையதை நீரே அடியில் அடுக்கும்."

திரும்பும்போது ராஜாவுக்கு மனம் கேட்கவில்லை. பாவையின் காதருகே குனிந்தான்.

"சதுப்புக்குள் போன வணிகர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா?"

மரக்கை ஒரு கணமும் தயங்கவில்லை. ஓலை நிரம்ப எழுதியது. படித்த ராஜாவின் கண் கலங்கியது.

"அரசே," என்றார் நக்கண்ணர் மெதுவாக, "அங்கே போய்ப் பார்த்தது யார்?"

ராஜா ஓலையைச் சேற்றில் விட்டான். பாவையின் கை அடுத்த ஓலையைத் தேடியது.