முப்பதாவது வீடு

கவனமாகப் படியுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

ஒரு கடற்கரை ஊர். உப்பளம்தான் பிழைப்பு. அளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு வடக்கே ஒரு சங்கம், தெற்கே ஒன்று, முனையில் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி உறுப்பினர் பட்டியல். அரசாங்கம் முப்பது வீடு கட்டியது. மூன்று சங்கமும் சேர்ந்து ஒரே பட்டியல் கொடுத்தால், சங்கத்தில் சேர்ந்த மூப்புப்படி முதல் முப்பது பேருக்குச் சாவி. நிபந்தனை இரண்டு. சங்கத்தில் சேர்ந்து இருபது வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இன்றைக்கும் அளத்தில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

மூன்றையும் ஒன்றாக்கும் வேலை கம்ப்யூட்டர் பெண் ஜெனிட்டாவின் தலையில் விழுந்தது. மூன்றுக்கும் பொதுவான செயலாளர் தவசிமுத்து கொடுத்த அவகாசம் நான்கு நாள். வடக்குப் பட்டியலில் முகவரி இருந்தது, போன் நம்பர் இல்லை. தெற்கில் போன் நம்பர் இருந்தது, முகவரி இல்லை. முனையில் இரண்டுமே இல்லை. எல்லாவற்றிலும் இருந்தவை பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி. ஒரு சங்கத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனவர்கள் இரண்டு இடத்திலும் இருந்தார்கள்.

"இந்த மூணும் ஒத்துப்போனா ஒரே ஆளுன்னு சேத்துரு" என்றார் செயலாளர். "சேந்த வருசம் பழசை எடு. வேலை விவரம் புதுசை எடு."

சேர்த்தாள். பட்டியல் சங்கச் சுவரில் ஏறியது.

செல்லக்கனி அதில் முப்பத்தொன்றாவது. சங்கத்தில் சேர்ந்து இருபத்தொரு வருஷம், இன்றைக்கும் உப்பு வாருகிறவள். ஐப்பசி வந்தால் அவள் வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் ஏறும். கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறாள், அதன் மேல்தான் சமையலும். ஒரே ஒரு எண்ணில் வீடு போயிற்று. முப்பது யார் என்று பார்த்தாள்.

மு. பேச்சியம்மாள். பிறந்த தேதி 1.6.1975. சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். வேலையில் இருக்கிறார்.

செல்லக்கனிக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுக்கு மு. பேச்சியம்மாள் இரண்டு பேரைத் தெரியும்.

சங்க அறைக்குள் போனாள். இரண்டு பேரும் அங்கேதான் நின்று மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வடக்குச் சங்கம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தவள். பதின்மூன்று வருஷம் உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் போய், ஒன்பது வருஷமாக வீட்டில் இருக்கிறாள். மற்றவள் தெற்கு. சேர்ந்து பதினொரு வருஷம். அப்போதுதான் அளத்திலிருந்து வந்திருந்தாள், காலில் உப்பு காயவில்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். பிறந்த தேதி தெரியாமல் வந்த பிள்ளைக்கெல்லாம் அங்கே தலைமையாசிரியர் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். பாதி ஊருக்கு அன்றைக்குத்தான் பிறந்தநாள்.

"இருவத்திரண்டு வருசம் என்னது. வீடும் எனக்குத்தான்" என்றாள் வடக்குக்காரி.

"இன்னைக்கு வேலை செய்யுதது யாரு, நீயா? உனக்குக் கதவு எது சன்னல் எதுன்னே தெரியாது!"

"கண்ணு அளத்துலதாம்ளா போச்சு. உங்க அப்பன் வீட்டுக் கொல்லையில போவல."

"சண்டை போடாதிய" என்றார் தவசிமுத்து. "சீட்டுக் குலுக்கிப் போட்டுருவோம்."

செல்லக்கனி மேஜையை ஓங்கி அறைந்தாள். "யாருக்கு அண்ணாச்சி குலுக்குதிய? வருசம் இவளுக்கு, வேலை அவளுக்கு. ரெண்டையும் ஒட்டி நீங்களே ஒரு பொம்பளயப் பெத்து, அவளுக்கு வீடும் குடுத்திருக்கிய. எங்க அவ? வரச் சொல்லுங்க, பாப்போம்."

"கம்ப்யூட்டர் சேத்தது, தாயி."

"கம்ப்யூட்டருக்கு நாலு நாள்ல முடின்னு சொன்னது யாரு?"

"வீடு வீடாப் போய்க் கேக்கட்டுமான்னு நான் கேட்டேங்க்கா" என்றாள் ஜெனிட்டா. "வேண்டாம்னுட்டாங்க."

தவசிமுத்து அவளை முறைத்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பட்டியலின் பிரதியை எடுத்து முப்பதாவது வரியை அடித்தார். "சரி, முறைப்படி அடுத்தவ நீதான். உன் பேரை எழுதிருதேன். கையெழுத்துப் போடு. இதோட முடிஞ்சுது."

செல்லக்கனி பேனாவை வாங்கினாள். காகிதத்தின் மேல் குனிந்தவள் நிமிர்ந்து ஜெனிட்டாவைப் பார்த்தாள்.

"இது மாதிரி எத்தனை பேரை ஒட்டின?"

"நாப்பத்தாறுக்கா."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் தவசிமுத்து.

சொல்லுங்கள். முப்பதாவது வீட்டை யார் பேருக்கு எழுத வேண்டும்?

விடை: அன்றைக்கு யார் பேருக்கும் எழுதக்கூடாது. பேச்சியம்மாள் ஒருத்திக்கு வேலை இல்லை, இன்னொருத்திக்கு வருஷம் போதாது. செல்லக்கனிக்கு என்று சொன்னவர்கள் தவசிமுத்துவைப் போல அவசரக்காரர்கள். பாதி ஊர் ஜூன் ஒன்றில் பிறந்திருக்க, ஒரு ஒட்டு பொய்யென்றால் மிச்சம் நாற்பத்தைந்தை எப்படி நம்புவது? அதைப் பிரித்துப் பார்க்கும்வரை அவள் முப்பத்தொன்று என்பதற்கே ஆதாரம் கிடையாது. செல்லக்கனி பேனாவை எறிந்துவிட்டு அதைத்தான் கேட்டாள், விடாமல் கேட்டாள். வீடு வீடாகப் போனார்கள். நாற்பது சரி, ஆறு தப்பு. ஆறில் ஒன்று பேச்சியம்மாள். இன்னும் நான்கு, பட்டியலின் அடியில் கிடந்தவை, வீட்டுக்கு எட்டாதவை. மிச்சம் ஒன்றில் ஒட்டப்பட்டிருந்த இருவருமே செல்லக்கனிக்கு முன்னால் சங்கத்தில் சேர்ந்தவர்கள், இருவருமே வேலையில் இருக்கிறவர்கள். தன் பேரைக் காணோம் என்று வந்த ஒருத்தியை, "அதான் பேரு இருக்கே" என்று சங்கத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு வீடு கிடைத்தது. பேச்சியம்மாள் போய் ஒரு இடம் ஏறிய செல்லக்கனி, இவள் வந்ததில் ஒரு இடம் இறங்கி மறுபடியும் முப்பத்தொன்று. சாவி கொடுத்த அன்று அவள் தவசிமுத்துவிடம் பேசியதை அச்சில் போட முடியாது.