சுழி போட்ட பச்சைத் தாள்

நாற்பத்தாறு வயதில் சண்முகத்தாய் பாலர் பள்ளியில் வேலை பழக வந்தாள். குருவாக வாய்த்த ஜெபக்கனி டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. "போயும் போயும் அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயா படிக்கப் போற?" என்று தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். அவள் வேலைக்காகவா வந்தாள்?

தம்பி மகன் தருண் அந்தப் பள்ளியில்தான் இருந்தான். தாயில்லாப் பிள்ளை. நாற்பது நாள் சிசுவாகக் கையில் வாங்கி, மூன்றரை வயது வரை வளர்த்தவள் அவள்; அவன் விழுந்து அழுதால் ஓடிப்போய் முட்டியை ஊதிவிட்டவள். தம்பி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, போன மாதம் பிள்ளையைப் புனேவுக்குக் கூட்டிப்போய்விட்டான். பெற்றவன் கேட்டால் அத்தைக்காரி என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளியில் திங்கட்கிழமை தாள் பூசுகிற நாள். ஆளுக்கொரு வெள்ளைத் தாளில் ஒரு நிறத்தை அப்பி, ஈரத்தில் சீப்பால் கோடு இழுப்பார்கள். காய்ந்ததும் எல்லாத் தாளும் ஒரே பெட்டிக்குள் போய்விடும். பிறகு யாரும் எதையும் எடுத்துக் கிழித்து, ஒட்டி, படம் செய்யலாம்.

வந்த முதல் வாரமே சண்முகத்தாய் தாள்களின் பின்னால் பிள்ளைகள் பெயரை எழுதப் போனாள்.

"பேர் வேண்டாம்க்கா," என்றாள் ஜெபக்கனி. "இது படம் இல்ல. நிறம்."

சரியென்று தலையாட்டினாள். ஆனால் பெட்டியைக் கிளறும்போது ஒரு பச்சைத் தாள் கைக்கு வந்தது. சுழி சுழியாகச் சீப்புக் கோடு. தருண் ஒருத்தன்தான் அப்படி இழுப்பான்; அவனைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். மற்ற வாண்டுகள் எல்லாம் நேர்கோட்டுக் கட்சி. யாருக்கும் தெரியாமல் அதை அலமாரியில் பிள்ளைகளின் கைத்துண்டுகளுக்கு அடியில் வைத்தாள். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது எடுத்துத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் கேட்டே விட்டாள்.

"டீச்சர், அவன் என்னை மறந்துடுவானா?"

ஜெபக்கனி மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு மறுபடி கிண்டினாள்.

அந்த வியாழக்கிழமை ஆஃப்ரின் கிளி செய்ய உட்கார்ந்தாள். மூக்குக்குச் சிவப்பு கிடைத்தது. பெட்டியில் பச்சை தீர்ந்துபோயிருந்தது. ஐயையோ, என்ன அழுகை! பள்ளிக்கூடமே அதிர்ந்தது.

"நாளைக்குப் பூசிக்கலாம்டா கண்ணு," என்றாள் சண்முகத்தாய்.

"கிளிக்குக் குளிருது!"

ஜெபக்கனி தலையை நிமிர்த்தவில்லை. "துண்டுக்கு அடியில ஒண்ணு இருக்கேக்கா."

சண்முகத்தாய்க்கு முகம் செத்துப்போனது. "அது மட்டும் வேண்டாம் டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் எடுக்க மாட்டேன். நீங்களா குடுத்தாத்தான்."

ஆஃப்ரின் மூக்கு ஒழுக ஒழுக விம்மினாள். சண்முகத்தாய் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? பிள்ளை வளர்த்த கை ஆயிற்றே. எழுந்து போய் எடுத்துவந்து நீட்டினாள்.

ஆஃப்ரின் வாங்கிய கையோடு நடுவில் சர்ரென்று கிழித்தாள். சண்முகத்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தபோது சுழியெல்லாம் இறகாகியிருந்தது. கிளிக்கு மூன்று இறக்கை. பசை ஆஃப்ரின் தலைமுடி வரைக்கும்.

"பாப்பா, இந்தப் பச்சை யாரோடது?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள் ஆஃப்ரின்.

"கிளியோடது."

சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்போ மறந்துடுவான். அப்படித்தானே டீச்சர்?"

"மறந்துடுவான்க்கா," என்றாள் ஜெபக்கனி. "அங்க ஏதாவது பிள்ளை விழுந்து அழுதா, ஓடிப்போய் முட்டியை ஊதி விடுவான். யாருடா கத்துக்குடுத்தாங்கன்னு கேட்டா, முழிப்பான்."