உடைய வேண்டிய இடம்

மருதாசலம் அந்தப் பல்சக்கரத்தை மேசைமேல் வைக்கவில்லை. போட்டார்.

அமலோற்பவம் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கியர் பாக்ஸுக்குள் இருக்க வேண்டியது. ஒரு பக்கம் பற்களே இல்லை.

"அடுத்தது எது?" என்று கேட்டார்.

"பெரிய கியர் பாக்ஸாப் பார்த்துப் போட்டுடறேனுங்க" என்றார் மருதாசலம்.

அமலோற்பவம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார்.

மேட்டுப்பாளையத்தில் மலைச்சாலை தொடங்கும் இடத்தில் இருந்தது அவருடைய பட்டறை. மலையேறும் வண்டிகளின் அடிச்சட்டத்தை அளவெடுத்துச் செய்து தருவதில் அந்தப் பக்கத்தில் அவருக்குத்தான் பெயர். மருதாசலம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கோயமுத்தூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தார். கம்பெனியை மூடினார்கள். இரும்பைத் தொடாமல் வீட்டில் உட்கார முடியவில்லை; இங்கே வந்து, வண்டி வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். மருதாசலம் அவரை அம்மா என்பார், அமலோற்பவம் இவரை அண்ணா என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் மட்டும் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

மருதாசலத்தின் கையில் வந்து சேர்ந்த முதல் முழு வண்டி, அந்தப் பல்சக்கரம் இருந்த வேகன். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய காலத்து வண்டி. மலைமேல் ஓர் எஸ்டேட் கொட்டகையில் பல வருஷமாகக் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது. அதற்கும் மேலே தும்பிமட்டம் என்றொரு சிற்றூர். மண் சரிந்து சாலை குறுகிய பிறகு பஸ் அங்கே போவதில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கழி கட்டி, தோளில் சுமந்து இறக்குவார்கள். சுமப்பவர்களில் போஜன் என்றைக்கும் முன்கழிக்காரர். ஊரார் கேட்டதும் எஸ்டேட்காரர்கள் வேகனைக் கொடுத்துவிட்டார்கள். மழைக்கு முன்னால் அதை ஓடவைத்துத் தருவதாக மருதாசலம் ஒப்புக்கொண்டார். ஓட்டுவதற்குப் போஜன் என்று ஊர் முடிவு செய்தது.

பழைய எஞ்சினால் ஏற்றத்தில் மூச்சுவிட முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு ஒரு லாரி எஞ்சினைப் பொருத்தினார். அதன் விசை தாங்காமல்தான் கியர் பாக்ஸின் பற்கள் போயின. சொன்னபடியே பெரிய கியர் பாக்ஸ் போட்டார். அப்போது, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு, பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டது.

"அடுத்தது எது?" என்றார் அமலோற்பவம்.

"கனமான தண்டு" என்றார் மருதாசலம். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற எரிச்சல் குரலில் இருந்தது.

கனமான தண்டு வந்தது. ஆக்சில் உடைந்தது. அன்றைக்கு மருதாசலம் சாப்பிடவில்லை. வேகனின் பின்சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு, கால் வலியோடு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அமலோற்பவம் வந்து அதே இரண்டு வார்த்தைகளைக் கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் தெரிந்தும் வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று நினைத்தார். அமலோற்பவத்துக்கும் பொறுமை போய்விட்டது. ஸ்பேனரைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டுப் போனார்.

லாரி ஆக்சில் வாங்கிப் போட்டார் மருதாசலம். எஞ்சின் முதல் சக்கரம் வரை எல்லாம் இப்போது பலமானவை, எல்லாம் அவர் கையால் பூட்டியவை. பழையதாக மிஞ்சியது கூண்டும் அடிச்சட்டமும்தான். சோதனை ஓட்டத்துக்குப் போஜனோடு மலையேறினார்.

பாதி மலையில் போஜன் வேகத்தைக் குறைத்தார். அடியில் ஏதோ கிறீச்சென்று சத்தம் கேட்கிறது, ஸ்டியரிங்கும் ஒரு பக்கமாக இழுக்கிறது, இறங்கிப் பார்த்துவிடலாம் என்றார். எல்லாம் புதுசு, புதுசு என்றால் சத்தம் போடத்தான் செய்யும், நிறுத்தாமல் போங்கள் என்றார் மருதாசலம். போஜன் போனார். அடுத்த வளைவில் அடிச்சட்டம் ஸ்டியரிங் அருகே பிளந்தது. வண்டி மலைப்பக்கம் இருந்த வாய்க்காலில் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் சொல்வதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மருதாசலத்துக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. போஜனுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார் மருதாசலம். பிளவு எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் ஓடியது என்று படுக்கையருகே நின்று விளக்கினார். போஜன் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரஞ்சைத் தொடவில்லை.

பிறகு புது அடிச்சட்டத்துக்கான வேலை தொடங்கியது. அந்த எஞ்சினுக்கும் அந்த ஆக்சிலுக்கும் ஏற்றபடி, இரும்புப் பட்டைகளைப் பெட்டிபோல் இணைத்துச் செய்ய வேண்டும். அளவுகளை அமலோற்பவம் பார்த்துக்கொடுத்தார். வெட்டியதும் பற்றவைத்ததும் மருதாசலம். பகல் முழுக்க வெல்டிங் ஓடியதில் பட்டறையின் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபியூஸ் கட்டையை உருவி, மெல்லிய கம்பியைச் சுற்றி மாட்டவேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் மருதாசலம் வெறுத்துப்போய் தடித்த செம்புக் கம்பியாகச் சுற்றி மாட்டினார். வேலை தடையில்லாமல் ஓடியது.

அமலோற்பவம் எழுந்து வந்தார். கட்டையை உருவினார். தடித்த கம்பியைப் பிரித்துத் தூர எறிந்துவிட்டு, பழையபடி மெல்லிய கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"எதுக்குங்க? மறுபடியும் போயிரும்."

"போகட்டும்."

"போயிட்டே இருக்குதுங்களே. வேலை நிக்குது."

"வேலைதானே நிக்குது" என்றார் அமலோற்பவம்.

மருதாசலம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். சட்டத்துக்கு அடியில் படுத்தார். வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுத்தவர் நெடுநேரம் பற்றவைக்கவே இல்லை.

டீ வந்தபோது வெளியே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அடுத்தது எதுன்னு கேட்டீங்களே. அடுத்து என்ன வாங்கப் போறேன்னு கேக்கலைங்களா?"

"இல்லீங்கண்ணா."

"அடுத்தது எது உடையும்னு கேட்டீங்க."

"ஆமா."

மருதாசலத்துக்கு வந்தது தெளிவு அல்ல, கோபம். இதை நேராகவே கேட்டிருக்கலாம், ஒரு மனுஷனின் எலும்பு மிஞ்சியிருக்கும் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. பட்டறையில் வேலை செய்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அமலோற்பவம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேட்டிருக்கலாம். நீங்க ஒவ்வொன்னாத் தூக்கிட்டு வந்து போடறதைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வந்துச்சு. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசப் பிடிக்கலை. அது என் தப்பு. போஜன்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் போஜனைப் போய்ப் பார்த்தது மருதாசலத்துக்குத் தெரியாது. என்ன சொன்னீர்கள் என்று கேட்க நினைத்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் வேகனின் பாகங்களையெல்லாம் தரையில் பரப்பிவைத்து அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏதாவது ஒன்று உடைந்தே தீரும் என்றால், இவற்றில் எது உடைந்தால் பரவாயில்லை? எஞ்சினைக் காட்டுக்குள் தூக்கி இறக்க முடியாது. கியர் பாக்ஸைப் பிரிக்க ஆட்கள் வேண்டும். ஆக்சில் போனால் சக்கரம் கழன்று போகும். அடிச்சட்டம் போனால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. கடைசியில், அந்த நீண்ட தண்டின் முனையில் இருக்கும் கிராஸ் என்ற சிறிய சிலுவை வடிவ இணைப்பின் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். மழையில், சகதியில், ஒற்றை ஆள் வண்டிக்கு அடியில் படுத்து மாற்றிவிடலாம். பாக்கெட்டில் ஒன்று போட்டுக்கொண்டு போகலாம். பின்தண்டு நின்றாலும் முன்சக்கரங்கள் இழுக்கும். பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லாரிக்குப் போடும் கிராஸை எடுத்து ஒதுக்கிவைத்தார். கடையில் இருந்ததிலேயே மெலிந்த கிராஸை வாங்கி வந்தார். அதைப் பொருத்தும்போது அவர் முகம் கசப்பு மருந்து குடிப்பவர் முகம்போல் இருந்தது. அமலோற்பவம் தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வேகன் தயாரானது. மேகங்கள் மலையில் இறங்கத் தொடங்கியிருந்தன. போஜனுக்குக் கையைத் தலைக்குமேல் தூக்க மட்டும்தான் இன்னும் வராது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருதாசலம் தும்பிமட்டத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்த வேகத்தில் செருப்பை வாசலில் உதறினார். ஒன்று பட்டறைக்குள்ளேயே வந்து விழுந்தது.

போஜன் ஓட்ட வரமாட்டேன் என்கிறார் என்றார். புதுச் சட்டத்தின் கனத்தைச் சொன்னேன், ஆக்சில் எத்தனை டன் தாங்கும் என்று சொன்னேன், ஒரு திருகாணி விடாமல் சொன்னேன், டீ கொடுத்துவிட்டு வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார் என்றார். இனி அந்த ஆளிடம் சொல்வதற்கு வண்டியில் எதுவும் பாக்கி இல்லை என்றார்.

"கிராஸைப் பத்திச் சொன்னீங்களா?"

மருதாசலம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதை எப்படிங்க சொல்றது? வண்டி இந்த இடத்துலதான் உடையும்னு சொன்னா எவன் ஏறி உட்காருவான்?"

அமலோற்பவம் கை துடைத்துக்கொண்டிருந்த வேஸ்ட் துணியை மேசைமேல் வீசினார்.

"அதை ஒன்னைத் தவிர எல்லாத்தையும் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

மருதாசலம் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

பஸ் போகும் தூரம் பஸ்ஸில் போனார், மிச்சத்தை நடந்தார். போஜன் வீட்டு வாசலில் கேரட் மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தார். முறிந்த பக்கத்துக் கையில் பலம் போதாமல் முடிச்சு இறுகவில்லை. மருதாசலம் குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வண்டி எங்கே உடையும், எப்படி உடையும், உடைந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார். சொல்லி முடித்த பிறகும் கயிற்றை விடவில்லை.

"அன்னைக்குச் சத்தம் கேக்குதுன்னு சொன்னீங்க" என்றார். "எனக்கும் கேட்டுதுங்க."

போஜன் முடிச்சைப் போட்டு முடித்தார். மூட்டையைச் சுவரோரம் நகர்த்தினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கிராஸ், மாத்தறதுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார் போஜன்.

"கை பழகிட்டா கொஞ்ச நேரந்தாங்க."

"எனக்குக் காட்டிக் குடுங்க."

முதல் மழையிலேயே அழைப்பு வந்தது. காய்ச்சல் முற்றிக் கிடந்த ஒரு பெண்ணையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு போஜன் இறங்கினார்; பக்கத்தில், வண்டியோடு மலைக்கு வந்து தங்கியிருந்த மருதாசலம். வழியில் ஓர் ஓடை பெருகியிருந்தது. அதன் சகதியிலிருந்து மேலேறும்போது அடியில் டமாரென்று சத்தம். போஜன் யாரையும் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தினார், சக்கரத்துக்குக் கல் வைத்தார், அடியில் நுழைந்து பின்தண்டைக் கழற்றிக் கூண்டுக்குள் எறிந்தார். முன்சக்கரங்களின் இழுப்பிலேயே வண்டி கீழே போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்ணை உள்ளே சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வளாகத்திலேயே போஜன் புதுக் கிராஸைப் பொருத்தினார். மழை விடவில்லை. மருதாசலம் குனிந்து அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அந்த மழைக்காலம் முழுக்கத் தும்பிமட்டத்தில் யாரும் நாற்காலிக்குக் கழி கட்டவில்லை.

மழை ஓய்ந்ததும் ஒருநாள் இருவரும் எண்ணெய் மாற்ற வேகனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். போஜன் வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்த மருதாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்துப் பிரித்தார். உள்ளே பளபளவென்று ஒரு கிராஸ்.

"இப்ப போட்டிருக்கறதைவிட ஒரு சைஸ் கெட்டியானது, இன்னைக்குத்தான் கடையில கிடைச்சுதுங்க" என்றார். "இதைப் போட்டிருந்தா ஓடையில அந்த ஒரு தடவையும் உடைஞ்சிருக்காது. போட்டா என்னங்க?"

அமலோற்பவம் வெல்டிங் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு அவரையே பார்த்தார். அமலோற்பவத்தின் முகத்தில் கோபம் வந்தது, பிறகு களைப்பு வந்தது, அதுவும் போனது.

"போடலாம்" என்றார். "போஜன் வெளியிலதான் நிக்கறாரு. அவரைக் கேட்டுட்டுப் போடுங்க."