பரங்கிக்காய் எரிந்த விளக்கு

மலையடிவார ஊர் ஒன்றின் சந்தையில் ஒரு பரங்கிக்காய் இருந்தது. நல்ல உருண்டை, நல்ல நிறம். ஆனாலும் அதை யாரும் வாங்கவில்லை.

கடைக்காரி அன்னக்கொடி அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டு வைத்தாள். வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தினாள். வருகிறவர்களிடமெல்லாம், "உள்ளே மஞ்சளா இருக்கும் தாயி, கீறிக் காட்டவா?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் பரங்கிக்காய் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் அதன் அடிப்பக்கம் கன்றி, நீர் கசியத் தொடங்கியது.

"உன்னை ஒரு நல்ல வீட்டுக்கு அனுப்ப முடியலையே" என்று சொல்லி, அன்னக்கொடி அதைத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டாள். திரும்பிப் போகையில் இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். தெருவிளக்கு எரியாத ஒரு மழைநாள் மாலையில் சாக்கடைக்குள் விழுந்து அடிபட்ட கால் அது.

"ஒரு குழம்புக்குக்கூட ஆகாமல் போனேனே!" என்று பரங்கிக்காய் அழுதது.

"நீயாவது காய். நான் காய்க்கு மேல்சட்டை. என்னையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறார்கள்" என்றது பக்கத்தில் கிடந்த முட்டைக்கோஸ் இலை.

"எங்கே?"

"தெரியாது. போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை."

நகராட்சி ஊழியர் தேவசகாயம் வந்தார். பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அரைத்து, சந்தைக்குப் பின்னால் இருந்த பெரிய மூடிய கலனுக்குள் ஊற்றினார். காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து, அதில் மின்சாரம் தயாரிக்க நகராட்சி கட்டிய கலன் அது.

உள்ளே ஒரே இருட்டு. வெதுவெதுப்பு.

"ஐயோ, நான் கரைகிறேன்! என் தோல் எங்கே? விதை எங்கே?"

"பயப்படாதே, என் கையைப் பிடித்துக்கொள்" என்றது இலை.

"உனக்குக் கை ஏது?"

"பிடிக்க உனக்கு மட்டும் ஏது?"

இரண்டும் சிரித்துவிட்டன. அந்தச் சிரிப்பு குமிழ் குமிழாக மேலே போனது.

நாட்கள் கழிந்தன. பரங்கிக்காய்க்கு இப்போது எடையே இல்லை. வாயுவாகக் குழாயில் நுழைந்து, இயந்திரத்தில் எரிந்து, மின்சாரமாகக் கம்பியில் ஓடி, சந்தைத் தெரு விளக்கில் வந்து நின்றது.

"வாருங்கள், வாருங்கள்!" என்றது விளக்கு. "இன்றைக்கு யார்?"

"பரங்கிக்காய். விலைபோகாத காய்."

"நேற்று வெண்டைக்காய் வந்தது. முந்தாநாள் அழுகிய தக்காளி. நான் வெறும் கண்ணாடிதான். நீங்களெல்லாம் வராவிட்டால் இந்தத் தெருவில் என்னை யார் அண்ணாந்து பார்ப்பார்கள்? உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

பரங்கிக்காயை இதுவரை யாரும் இப்படி வரவேற்றதில்லை.

அப்போது கடையை மூடிவிட்டு அன்னக்கொடி வந்தாள். கூடவே பக்கத்துக் கடை ரோசம்மாள். பேச்சு சுவாரசியத்தில் இருவரும் கீழே பார்க்கவில்லை. அன்று சாக்கடை தூர்வாரியவர்கள் மூடுகல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்படியே போயிருந்தார்கள்.

"அம்மா, பார்த்து!" என்று பரங்கிக்காய் கத்தியது. அதற்குக் குரல் இல்லை, வெளிச்சம்தான் இருந்தது. இருந்ததையெல்லாம் கொட்டியது.

"ஏ, நில்லு!" அன்னக்கொடி ரோசம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஓரடி தள்ளிக் குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அன்னக்கொடி நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். "நல்லா இருப்பே சாமி!" என்று கைகூப்பினாள்.

"உன்னைத்தான் கும்பிடுகிறார்" என்றது விளக்கு.

"வாடாமல் என்னைக் காத்தவர் அவர். நான்தான் கும்பிட வேண்டும்" என்றது பரங்கிக்காய்.

வேலை முடிந்து அந்த வழியே வந்த தேவசகாயம் நின்றார். "விளக்கை ஏன்க்கா கும்பிடுறீங்க? அதுல எரியறது நீங்க கொட்டின காய்தான்."

"கேலி பண்ணாதே தம்பி."

"நெசமாத்தான்க்கா. அழுகினதெல்லாம் இங்கேதான் வருது."

மூவருமாகக் கல்லைத் தள்ளிக் குழியை மூடினார்கள். பிறகும் அன்னக்கொடி வெகுநேரம் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கடையில் கொஞ்சம் சொத்தைக் கத்திரிக்காய் மிஞ்சியது. அன்னக்கொடி அவற்றை வீசவில்லை. முந்தானையில் அள்ளிக்கொண்டு போய், தொட்டிக்குள் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். ரோசம்மாள் சிரித்தாள். அன்னக்கொடி அதைக் கண்டுகொள்ளாமல் தொட்டிக்குள் குனிந்து சொன்னாள்:

"போயிட்டு வாங்க. இருட்டுறதுக்குள்ள தெருவுக்கு வந்துடுங்க."