பதினோராம் நிமிடச் சிரிப்பு

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பதினோராவது நிமிடத்தில் வரும். அதுவரை பொறுக்க வேண்டும். பெர்லினும் பொறுத்தான், பல் வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

பெர்லின் டிரம்ஸ் அடிப்பவன். நாகர்கோவிலில் அவனும், கிட்டார் அஜினும், பேஸ் கிட்டார் சாபுவும் போஸ்ட் ராக் என்ற இசையை வாசித்தார்கள். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. பதினொரு நிமிடம் அஜினின் கிட்டார் கொசு மாதிரி முனகும். பிறகு பெர்லின் நுழைவான். டமார். ஒத்திகை அறையின் கூரைத் தகரம் தனியாக ஒரு தாளம் போடும்.

ஒலிப்பதிவு ஷைனி. வயது இருபத்துமூன்று, மூன்று பேருக்கும் இளையவள். கேலியாகத்தான் ஆசான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் சொன்னதெல்லாம் சரியாகிப் போகவே கேலி உதிர்ந்துவிட்டது. ஆசான் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அஜின் குழுவை விட்டுப் போய் இரண்டு மாதம். புதிய ஆள் அதே கிட்டாரில் அதே சுரங்களை வாசித்தான். இசை மட்டும் ஏறவில்லை.

"ஆசானே, முன்னவிட ஓங்கித்தான் அடிக்கேன். பிறகும் சத்தம் வரமாட்டேங்கு. ஏன்?"

"அஜின் அண்ணன் ஏன் போனாங்க?"

"அவனா?" பெர்லின் யார் குரலையும் செய்வான். முகத்தை இடப்பக்கம் திருப்பினான், வலது காதை முன்னால் நீட்டினான், குரலை மூக்குக்கு ஏற்றினான். "'இனிமே எனக்கு முடியாதுடே.'" அச்சு அசல் அஜின். கடைசி நாட்களில் அவன் அப்படித்தான் நிற்பான். "அவ்வளவுதான் சொன்னான். பள்ளிக்கூடத்துல இருந்து ஒண்ணா கெடந்தோம். ஒரு காரணம் சொன்னானா? துரோகி."

ஷைனி சிரிக்கவில்லை.

"காரணம் சொன்னா கூப்பிடுவீங்களா?"

"சொல்லட்டும். நானே பைக் எடுத்துட்டுப் போயி கூட்டிட்டு வாறேன்."

"ஒரு சிரிப்பு வச்சிருக்கேன், கேளுங்க. பழைய ரெக்கார்டிங்க அழிக்கும்போது போன வாரம் கெடச்சது."

அஜின் வாசித்த கடைசி ஒத்திகை அது. போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தத்தக் கூட்டுங்க ஆசானே."

குறைத்தாள்.

"ஆசானே, கேக்கல."

இன்னும் குறைத்தாள்.

பெர்லின் நாற்காலியை இழுத்தான். எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். கடைசியில் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் குனிந்தான். கம்பியில் விரல் வழுக்கும் கீச்சு. ஆம்ப்ளிஃபயரின் ம்ம்ம். யாரோ எச்சில் விழுங்கினார்கள். தெருவில் ஒரு ஆட்டோ.

"இதெல்லாம் எப்பவும் இருந்துச்சா?"

"எப்பவும்."

"நான் தாளத்த எண்ணிட்டு இருப்பேன். தப்பினா நுழைய முடியாது."

"சிரிப்பு எப்ப வரும்?" என்று ஐந்தாம் நிமிடத்தில் கேட்டான். எட்டாம் நிமிடத்தில் கேட்டான். ஷைனி உதட்டில் விரலை வைத்தாள். பத்தாம் நிமிடத்தில் அவன் கேட்கவில்லை. கண்ணை மூடியிருந்தான். அந்தக் கிட்டார் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, கதவைத் தட்டப் பயப்படுகிறவன் மாதிரி.

பிறகு, கிட்டாருக்கு மேலே, அஜின் குரல்.

"இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா அடிடே. எடது காது சுத்தமாப் போச்சு. மத்ததாவது கெடக்கட்டும்."

பெர்லின் கண்ணைத் திறந்தான். அஜினின் இடதுபக்கம்தான் எப்போதும் பெர்லினுடைய பெரிய சிம்பல் தட்டு நிற்கும்.

"காது போச்சா? என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்."

ஸ்பீக்கரில் வந்தது சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் ஒரு குறட்டை விட்டு, மறுபடி எழுந்த சிரிப்பு. அதன் வால் அடங்குமுன் டமார். ஷைனி நிறுத்தினாள்.

"யாரு ஆசானே அந்தப் பன்னி? ஒருத்தன் காது போச்சுங்கான், இவன் சிரிக்கான்."

அவள் எழுந்துபோய் மின்விசிறியை மறுபடி போட்டாள்.

"சாபுவா?"

"சாபு அண்ணன் சிரிச்சா சத்தமே வராதே."

"பின்ன யாரு? சொல்லுங்க. இன்னைக்கே அவன் வீட்டு வாசல்ல நிப்பேன்."

"நீங்கதான் எல்லாரையும் செய்வீங்களே. செஞ்சு பாருங்க அண்ணே. ஆளு தெரிஞ்சிரும்."

பெர்லின் தொண்டையைச் செருமினான். யார் குரலுக்கும் அவனுக்கு இரண்டு மூன்று தடவை வேண்டும். வயிற்றை எக்கினான், வாயைத் திறந்தான்.

முதல் தடவையே சரியாக விழுந்தது. அந்தக் குறட்டைகூட.

வாயை மூட அவனுக்கு நேரமாயிற்று.